சன்னாசியின் விரலைப் பிடித்தவர்கள்

எங்கள் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை அட்டையில் ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் கவிழ்த்துப் போட்டுவிடுகிறேன். படத்தில் சன்னாசி அண்ணன் பொன்னாடையோடு மேடை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். அவருடைய ஆள்காட்டி விரலை எங்கள் செயலாளர் திருச்செல்வம் பிடித்து, ஒரு புதுப் போனின் மேல் வைத்து அமுக்குகிறார். சுற்றிலும் பத்துப் பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். இடது ஓரத்தில் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறவன் நான். பெயர் திலீப். சிறுநீரக நோயாளிகளை ஏற்றிப்போகிற சங்கத்து வேனை ஓட்டுகிறவன்.

படத்தின் கீழே 'செயலியின் முதல் பயனர்' என்று போட்டிருக்கிறார்கள். கருமம். அந்த மனிதர் அந்தச் செயலியை ஒரு நாள்கூடப் பயன்படுத்தியது கிடையாது. பயன்படுத்த முடியவில்லை. அதனால் அவருக்கு என்ன ஆனது என்பது அட்டையிலும் இல்லை, உள்ளே இருக்கிற நாற்பது பக்கத்திலும் இல்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

சன்னாசி அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வயது. தஞ்சோங் காராங்குக்கும் கோலா சிலாங்கூருக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு ஏழு கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கேதான் பிறந்தார், அங்கேயே இருபத்தெட்டு வருடம் டிராக்டர் ஓட்டினார். வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றி மில்லுக்கு இழுத்துக்கொண்டு போகிற வேலை. இனிப்பு நீர் வியாதி வந்து முதலில் காலில் ஒரு விரலை எடுத்தது. அப்புறம் இரண்டு கண்ணையும் எடுத்தது. கடைசியாகச் சிறுநீரகம். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் தொலைவில் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர் மட்டும் லயத்து வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார்.

பாவப்பட்ட மனிதர், வாய் பேசாத சாது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஏழு முழம். வேனில் ஏறி உட்கார்ந்த மறு நிமிடம் என் ஓட்டத்தில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவார். மேட்டில் கியர் மாற்றத் தெரியவில்லை, பள்ளத்தில் பிரேக் போடத் தெரியவில்லை, உனக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்பார். கண் தெரியாத உங்களுக்கு என் கியர் எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். "ஒனக்குத்தான் கண்ணு இருக்கே, காது எங்கடா போச்சு?" என்றார். பக்கத்து வீட்டு இராஜம்மா அவருக்குச் சோறு கொடுப்பார். அதைச் சும்மா வாங்கமாட்டார். இராஜம்மா வீட்டுத் தேங்காயை எல்லாம் இவர்தான் உரித்துக் கொடுப்பார். யாரிடமும் கையேந்தி நிற்கக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கோலா சிலாங்கூரில் அவருக்கு டயலிசிஸ். நான் விடிகாலையில் சுங்கை பஞ்சாங்கில் முதல் ஆளை ஏற்றிக்கொண்டு சிகிஞ்சான், தஞ்சோங் காராங் என்று ஒவ்வொருவராக ஏற்றி வருவேன். வேனில் பதினொரு இடம். வருகிறேன் என்று முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் சொன்னவருக்குத்தான் இடம். சொல்லாவிட்டால் அந்த ஏழு கிலோமீட்டர் செம்மண் ரோட்டில் வேன் திரும்பாது. ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் சொல்வதற்கு எங்களுக்கு இணையத்தில் ஓர் அகப்பக்கம் இருந்தது. செய்து கொடுத்தவள் ரூபினி. சுங்கை சோவில் இருக்கிறாள், ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. அவளுடைய அப்பாவும் என் வேனில் வந்து போனவர்தான். அவர் காலமான பிறகு, சங்கத்துக்கு நன்றியாக அந்தப் பக்கத்தைச் செய்து தந்தாள். பார்க்க ஓர் அழகும் கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. என்றைக்கு வருகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் மூன்று ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து சன்னாசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற வசதி போனிலேயே இருக்கிறது. அவர் விரலால் தடவத் தடவ அது தமிழில் படித்துக்கொண்டே போகும். எங்கே அவர் தடுமாறுகிறாரோ அங்கே பக்கத்தை மாற்றினாள். தன் கண்ணையும் மூடிக்கொண்டு தானே செய்து பார்த்தாள்.

நாலாவது வாரம் சன்னாசி அண்ணன் தானே பதிவு செய்துவிட்டார். 'உங்கள் இடம் பதிவானது' என்று போன் சொன்னதை இராஜம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாராம். மூன்று வருடம் ஒரு நாள் தவறியதில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற அந்தக் கடைசிப் பெட்டியைத்தான் அவர் அதிகம் விரும்பினார். அதில் வாயாலேயே பேசிப் பதிவார், மாலை ஆறு மணிக்கு என் போனுக்கு வருகிற பட்டியலில் அது எழுத்தாக இருக்கும். 'மழ பேஞ்சிருக்கு, மெதுவா வா.' 'ரெண்டாவது பாலத்துகிட்ட லோரி சாஞ்சி கெடக்கு.' 'நேத்து ஒன்னோட இடது பின் டயர் சத்தம் சரியில்ல, பாரு.' பார்த்தேன். டயரில் ஆணி ஏறியிருந்தது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததில்தான் போன வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரு கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார். போனில் இறக்கி வைத்துக்கொள்கிற செயலி. வேன் எங்கே வருகிறது என்பது வரைபடத்தில் நகரும். கிளம்புகிற நேரத்துக்கு மணி அடிக்கும். போன் லைன் கிடைக்காத தோட்டத்திலும் வேலை செய்யும். மனிதர் பொய் சொல்லவில்லை, அதெல்லாம் செய்கிற சாமான்தான் அது. ரூபினி கேட்டது ஒரே கேள்வி. திரையைப் படித்துக் காட்டுகிற போனில் இதைச் சோதித்தீர்களா என்றாள். அடுத்த கட்டத்தில் செய்வோம் என்று அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

"நான் செயலி வேணாம்னு சொல்லல சார்," என்று ரூபினி திருச்செல்வத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பக்கம் எந்தப் பழைய போன்லயும் தெறக்கும், கண்ணு தெரியாதவங்ககிட்ட பேசும். செயலியும் அப்படி பேசற வரைக்கும் அத எடுக்காதீங்க. நம்ம வேன்ல நாலு பேருக்கு பார்வ சரியில்ல."

திருச்செல்வம் ஓய்வு பெற்ற அரசாங்க அலுவலர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அந்தப் பக்கம் தபால் நிலையத்துப் பாரம் மாதிரி இருக்கிறது, வெளியில் காட்டவே வெட்கமாக இருக்கிறது என்றார். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் செயலி வந்துவிட்டது என்றார். கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"ஒரு அகப்பக்கத்துக்கு ஒய்.பி.ய எப்படிமா கூப்பிடறது? எத தெறந்து வைக்க சொல்றது?"

எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதியைத்தான் ஒய்.பி. என்போம். யாரும் சிரிக்கவில்லை, அது நியாயமான கேள்வியாகவே எல்லாருக்கும் பட்டது. எங்கள் சங்கத்தில் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு திறப்பு விழா வேண்டும். சக்கர நாற்காலி வாங்கினால் விழா, வேனுக்கு டயர் மாற்றினால் அதற்கும் மாலை. கையைத் தூக்கச் சொன்னார் தலைவர். பின்னால் கூட்டத்துக்குச் சமைத்த மீ ஹூன் சேமியா ஆறிக்கொண்டிருந்தது. நானும் செயற்குழுவில் ஓர் ஆள். ரூபினி சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. ஆனால் கம்பெனிக்காரர் ஓட்டுநருக்கு ஒரு பெரிய டேப்லட் தருவதாகச் சொல்லியிருந்தார், வேனில் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிக்கொள்ள. அதன் மேல் எனக்கு ஒரு கண். தூக்கினேன் கையை. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். ரூபினி செயற்குழுவில் இல்லை, அவளுக்குத் தூக்கக் கை கிடையாது. பக்கத்தை நிர்வகிக்கிற சாவிச் சொல்லை ஒரு தாளில் எழுதித் திருச்செல்வத்திடம் கொடுத்தாள். என்றைக்கு இதை நிறுத்துகிறீர்களோ அன்றைக்கே மூடிவிட்டு, மூடிவிட்டோம் என்று அதிலேயே ஓர் அறிவிப்பு போடுங்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தாள். மீ ஹூனைத் தொடாமல் போய்விட்டாள்.

விழா நடந்தது. ஒய்.பி. வந்தார், பேசினார், பாதியில் கிளம்பினார். முதல் பயனராகச் சன்னாசி அண்ணனை மேடையேற்றினால் படம் நன்றாக விழும் என்பது திருச்செல்வத்தின் யோசனை. போன் திருச்செல்வத்துடையது. "எத அமுத்துறேன்?" என்று அண்ணன் கேட்டார். "சும்மா அமுத்துங்கண்ணே," என்று விரலைப் பிடித்தார் இவர். படக்காரருக்குச் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை என்றார். அதற்கப்புறமும் இன்னொரு தடவை. மூன்று தடவை அந்த விரலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள், முத்திரை குத்துகிற கட்டை மாதிரி. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சீ, இப்போது நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அவருடைய போனிலும் செயலியை இறக்கிக் கொடுத்தார்கள். மறுநாளே வேனில் என்னிடம் நீட்டினார். தடவிப் பார் என்றார். தடவினேன். 'பெயரில்லாத பட்டன்' என்றது போன். இன்னும் கீழே தடவினேன். 'பெயரில்லாத பட்டன்.' வலது பக்கமும் அதேதான். கண்ணால் பார்த்தால் பச்சையும் நீலமுமாகக் கொள்ளை அழகு. ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்னப் படம். ஒன்றுக்கும் உள்ளே பெயர் வைக்கவில்லை அந்தப் புண்ணியவான்கள். சொல்கிறேன் அண்ணே என்றேன். திருச்செல்வத்துக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கடமை முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் பழையதும் புதியதும் இரண்டும் ஓடின. இரண்டு பட்டியல் வருவது எனக்குத் தொல்லையாக இருந்தது. பழைய பட்டியல் என் போனுக்கு வருவதை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். திருச்செல்வம் அன்றே நிறுத்தினார். நிறுத்தியவர் பக்கத்தை மூடவில்லை, ஓர் அறிவிப்பும் போடவில்லை. ஒன்றாம் தேதி முதல் செயலியில் பதிந்தவருக்கு மட்டுமே இடம் என்று எல்லாருக்கும் தெரிவித்தார்கள். எதில் தெரிவித்தார்கள் தெரியுமா? செயலியில். செயலியைத் திறக்க முடியாதவனுக்கு, இனி செயலி மட்டும்தான் என்று செயலிக்குள்ளேயே அறிவிப்பு. இதற்கு ஐந்து பேர் கொண்ட துணைக்குழு வேறு.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. டேப்லட்டில் சன்னாசி அண்ணன் பெயர் இல்லை. தோட்டத்து முனை வந்தபோது காலை எடுத்து வேகத்தைக் குறைத்தேன். மூன்று வருடத்தில் தவறாத ஆளாயிற்றே என்று ஒரு நிமிடம் மனதில் ஓடியது. திரையில் நீலக் கோடு நேராகப் போகச் சொன்னது. போய்விட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. இருபத்தைந்து நிமிடம் மிச்சமானது, ஆட்களை இறக்கிவிட்டு கடையில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் சாவகாசமாகச் சாப்பிட்டேன். அந்த ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது. புதன்கிழமையும் பெயர் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானே ஒரு காரணம் செய்துகொண்டேன்.

வியாழன் மத்தியானம் இராஜம்மா கூப்பிட்டார்.

"தம்பி, சன்னாசி அண்ணனுக்கு மூச்சு வாங்குது. ஒக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. நீங்க ஏன் தம்பி வர்றதில்ல?"

தோட்டத்து அலுவலகக் கிராணி தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததால் உயிர் தங்கியது. இன்னும் அரை நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

சனிக்கிழமை சங்கத்திலிருந்து பார்க்கப் போனோம். பழக்கூடை, படம் எடுக்க ஓர் ஆள். டயலிசிஸ் நோயாளிக்கு ஆரஞ்சும் வாழைப்பழமும் ஆகாது என்பதுகூடத் தெரியாமல் வாங்கிய கூடை. ஏன் பதிவு செய்யவில்லை என்று திருச்செல்வம் மெதுவாகக் கேட்டார்.

"போட்டேனே," என்றார் அண்ணன். குரலே எழும்பவில்லை. "ரெண்டு நாளும் போட்டேன். பதிவானதுன்னு அது சொல்லிச்சே."

திருச்செல்வம் எங்களைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பாவம், நினைவு தடுமாறுகிறது என்று அர்த்தம். பிறகு தன் போனை எடுத்து, செயலியை இன்னொரு தடவை சொல்லித் தருகிறேன் என்று கட்டிலில் குனிந்து அவர் விரலைத் தொட்டார். படக்காரர் தயாரானார். சன்னாசி அண்ணன் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெரல விடுங்க சார். எது எங்க இருக்குன்னு அது சொல்லட்டும். நானே அமுத்திக்கிறேன்."

வெளியே வந்ததும் நான் ரூபினிக்குப் போன் செய்தேன். பதிவானது என்று சொன்னதாக அண்ணன் சொல்கிறார் என்றேன்.  "பழைய பக்கத்த மூடினாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை அவசரக் கூட்டம். திருச்செல்வம் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார். செயலியைத் தாமே இயக்க முடியாதவர்களுக்குப் பொறுப்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அப்படி ஆள் இல்லாதவருடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். சன்னாசி அண்ணனுக்கு யார் கையெழுத்துப் போடுவது? மகள் ஜொகூரில். ஆக அவருடைய இடம் போய்விடும். இதை நோயாளிகளின் பாதுகாப்பு என்ற தலைப்பில் படித்தார் மனிதர். தலைவர் கை தூக்கச் சொல்லப் போன நேரத்தில் ரூபினி உள்ளே வந்தாள். சாவிச் சொல் எழுதிய தாளைத் திருச்செல்வத்திடம் கேட்டாள். அது அவருடைய பணப்பையில் மடித்தபடி இருந்தது. அவருடைய கண் முன்னாலேயே பழைய பக்கத்தைத் திறந்து, என்னைப் படிக்கச் சொன்னாள்.

ஒன்றாம் தேதி முதலான நாட்களுக்கு அதில் பதிந்தது ஒரே ஒரு ஆள். பார்வை சரியில்லாத மற்ற மூவருக்கும் செயலியில் பதிந்து கொடுக்க வீட்டில் ஆள் இருந்தது. நான் எழுந்து நின்று படித்தேன்.

ஞாயிறு மாலை, திங்களுக்கு ஒரு இடம். 'ரோடு காஞ்சிருக்கு, தாராளமா வா.'

செவ்வாய் மாலை, புதனுக்கு ஒரு இடம். 'நேத்து வண்டி வரல. திலீப்புக்கு ஒடம்பு சரியில்ல போல. ஓட்டுற நேரத்துல கூப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கான், அதான் கூப்பிடல. யாராச்சும் போய்ப் பாருங்க.'

புதன் மாலை, வெள்ளிக்கு ஒரு இடம். 'திலீப் இன்னும் எந்திரிக்கலன்னா வேற ஆள அனுப்புங்க. மொத பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு அரிச்சுக் கெடக்கு. புது ஆளுக்குத் தெரியாது, சொல்லிடுங்க.'

மூன்றுக்கும் கீழே 'உங்கள் இடம் பதிவானது' என்று இருந்தது. புதன் மாலை என்றால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த நேரம். அந்த மூச்சோடு அவர் எனக்குப் பதிலாக வரப்போகிற எவனோ ஒருவனுடைய வண்டிக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். கடைசி வரிக்கு முன் திரையை ரூபினி பக்கம் திருப்பிவிட்டேன். அவள்தான் படித்து முடித்தாள்.

 திருச்செல்வம் பேனாவைத் திறந்து மூடினார். பிறகு, இந்தக் குறிப்புகளைக் கூட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டாமே, தனிப்பட்ட விஷயம் என்றார். அந்த மனிதரை அப்படியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது. நான் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றுதான் என்பதால் கை எழவில்லை. தீர்மானம் மட்டும் கைவிடப்பட்டது. பழைய பக்கம் தற்காலிகமாகத் தொடரும் என்று எழுதினார்கள். செயலி இன்றுவரை பேசவில்லை, அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை. ஆண்டறிக்கை அட்டையை மாற்றச் சொன்னேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

எட்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை அவரை ஏற்றப் போனேன். முதல் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு உண்மையிலேயே பாதி அரித்துப்போயிருந்தது. தெரியாத ஆள் வேகமாக வந்திருந்தால் வேன் ஓடையில் கிடந்திருக்கும். சன்னாசி அண்ணன் லயத்து வாசலில் தயாராக நின்றார். பாதியாக இளைத்திருந்தார். கதவைத் தடவி ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒடம்பு எப்படிடா இருக்கு? ஆஸ்பத்திரியில கேக்கணும்னு இருந்தேன், கூட்டமா வந்துட்டீங்க."

இஞ்சினை அணைத்தேன். பின்னால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ஒன்னும் இல்லண்ணே. ரெண்டு நாளும் நல்லாத்தான் இருந்தேன். முனை வரைக்கும் வந்தேன். நான்தான் உள்ள வரல."

பெல்ட்டை மாட்டிவிடக் கை நீட்டினேன். அவர் அதைத் தடவி எடுத்து, தானே மாட்டிக்கொண்டார்.